ஓடாத வண்டிக்கு ஏன் இவ்வளவு செலவு?

எங்கள் வீட்டு டீசல் காரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சொந்தபந்தத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஓட்டமே இல்லாத வண்டி, அதுக்கு எப்படி இவ்வளவு செலவு வருது?" கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், மாசியில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடியபோது கேட்டிருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டு அனுப்பும்போதும் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் தப்பே இல்லை. 2010-ல் வாங்கிய ஸ்விஃப்ட் டிசையர். பதினைந்து வருஷத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. காரைக்குடி டாக்சி ஸ்டாண்டில் அதே வயது டிசையர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டு இன்னும் சவாரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்குப்படி எங்கள் வண்டி புதுசு மாதிரி இருக்க வேண்டும். இல்லை. கடைசி ஐந்தாறு வருஷமாக ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று: பேட்டரி, பிரேக், ஏசி, எலி கடித்த ஒயர். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அந்தப் பதில் எனக்கு ஒப்பவே இல்லை. அதே வயதுள்ள இன்னொரு வண்டி கண்ணெதிரே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே!

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். எண் சின்னதாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "டாக்டர் வச்சிருந்த வண்டி சார், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடுச்சு" என்று புரோக்கர் சொன்னால் விலை கூடிவிடும். எங்கள் பக்கத்தில் அதையே வேறு மாதிரிச் சொல்வார்கள்: "செட்டியார் வீட்டு வண்டி, கொட்டகையிலேயேதான் நின்னுச்சு." அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் என்பதுதான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. டீசல் வண்டிக்குக் கொட்டகையில் நிற்பது நல்லதுதானா?

அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) இந்த வண்டியை வாங்கியபோது டீசலைத் தேர்ந்தெடுத்ததில் முழு நியாயம் இருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டது. டீசல் விலை மட்டும் கட்டுப்பாட்டில் இருந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டுக்கும் லிட்டருக்கு ஏறக்குறைய முப்பது ரூபாய் வித்தியாசம் வந்துவிட்டது. நாடே டீசல் காருக்கு வரிசையில் நின்ற காலம் அது. அப்பச்சியும் மாதக்கணக்கில் காத்திருந்துதான் எடுத்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஓட்டமும் அதிகம். மதுரை, திருச்சி, மாதம் ஒருமுறை சென்னை, தைப்பூசத்துக்குப் பழநிக்குக் காவடியோடு நடக்கிறவர்களுக்குப் பின்னால் சாமான்கள், வருஷா வருஷம் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள் என்று இளையாத்தங்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிவரை ஒரு சுற்று. அந்த 1.3 லிட்டர் எஞ்சினும் அதற்கு ஏற்றதுதான். இத்தாலியின் ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட், 1,248 சிசி, 75 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் நம் நாட்டில் இந்த ஒரே எஞ்சினைத்தான் பல கார்களில் போட்டார்கள். அதனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் இதைத் தெரிந்த கை ஒன்று இருக்கும், பாகம் கிடைக்காமல் போகாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்த எஞ்சினுக்கு இன்றைக்கும் ஃபில்டர் கேட்டால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருகிறார். வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. இன்று வித்தியாசம் பத்து ரூபாய்க்குள். அப்பச்சிக்குக் கண்புரை அறுவை ஆனதும் இரவில் ஓட்டுவதை விட்டார். கொரோனாவுக்குப் பிறகு பகலிலும் விட்டார். அண்ணன் சென்னையில், நான் மதுரையில், தம்பி சிங்கப்பூரில். வண்டி மட்டும் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர் வீட்டின் பின்தெருக் கொட்டகையில். செலவைக் கோயில் வரி மாதிரிப் புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். விற்கலாம் என்ற பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. அப்பச்சி எதுவும் சொல்லவில்லை, ஆத்தாதான் (அம்மாதான்) "அது இருந்தாத்தானே நீங்க வந்து எங்கயாவது கூட்டிட்டுப் போவீக" என்று முடித்துவிட்டார்கள்.

அப்பச்சியின் நோட்டு

வண்டிக்கென்று அப்பச்சி ஒரு பேரேடு வைத்திருந்தார். நீளவாக்கில் சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டு. தேதி, மீட்டர், டீசல் எத்தனை லிட்டர், என்ன வேலை, எவ்வளவு கூலி, பாகத்தின் விலை, பழைய பாகத்தைக் கையில் வாங்கினாரா இல்லையா என்பதுவரை பென்சிலில் எழுதியிருப்பார். போன வருஷம் புரட்டாசியில் ஊரில் இருந்த ஒரு மத்தியானம் அதை எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். முதல் நாலைந்து வருஷப் பக்கங்களில் வரிகள் நெருக்கம். கிலோமீட்டர் கடகடவென ஏறுகிறது. செலவு என்று பார்த்தால் ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, ஒரு செட் டயர், இவ்வளவுதான். போகப் போகத் தேதிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. மீட்டர் நகரவில்லை. ஆனால் வேலைகளின் பட்டியல் நீள்கிறது. பின் சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. ஏசி கேஸ் இறங்கியது. பேட்டரி, மறுபடியும் பேட்டரி. டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல்வரி) தேயவே இல்லை, ஓரமெல்லாம் வெடிப்பு. ஓட்டமும் செலவும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இந்த நோட்டில் ஒன்று இறங்க இறங்க இன்னொன்று ஏறிக்கொண்டே போயிருந்தது.

அது எனக்கு ஒரு தகவலாகத்தான் அன்றைக்குப் பட்டது. அதன் அர்த்தம் பிடிபட ஒரு பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டு கேள்விகள்

சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் படிவம் 25 எழுதி, வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அது 2025 கடைசியில் வந்தது. அதற்குத் தயார் பண்ணலாம் என்று கொட்டகையைத் திறந்து சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி புதுசுதான். நாலாவது ஐந்தாவது தடவையில் வெள்ளைப் புகையோடு இருமிக்கொண்டு எழுந்தது. எழுந்தபின் ஒரே நடுக்கம்.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் சார் ஓடியிருக்கு?" சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டினான். மறுநாள் எஸ்டிமேட் வந்தது: இன்ஜெக்டர் நாலும் மாற்ற வேண்டும், ஹை பிரஷர் பம்ப் மாற்ற வேண்டும், கூலியோடு சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டி. இந்த வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் பாதி அது. எது கெட்டிருக்கிறது, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஏஜ் ஆயிடுச்சு சார், மாத்திட்டா நிம்மதி" என்றான். கெட்டதைக் கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அடுத்து காரைக்குடியில் ஒரு பட்டறை. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை, டாக்சிக்காரர்கள் விடும் இடம். அங்கிருந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கவே இல்லை. என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, எத்தனை நாளா நிக்குது?"

அந்த ஒரு கேள்வியில் நோட்டில் இருந்த எல்லா வரிகளும் எனக்கு விளங்கிவிட்டன. எத்தனை ஓடியது என்று கேட்கிறவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று, எத்தனை நாள் நின்றது என்று கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. "கல்யாணம், படைப்புன்னா எடுப்போம். மத்தபடி மாசக்கணக்கா நிக்கும்" என்றேன். "அப்ப டேங்க்லதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கீழே குனிந்தார்.

டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடித் தம்ளரைப் பிடித்தார். முதலில் வந்தது டீசல் இல்லை. கலங்கல் தண்ணீர், இரண்டு மூன்று மடக்கு அளவுக்கு. அதன் பின்னால் டீசல் வந்து மேலே மிதந்தது. நடுவில், இரண்டும் சேரும் இடத்தில், கறுப்பாகச் சளி மாதிரி ஒரு படலம். தம்ளரைச் சாய்த்தால் அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிந்தது. அழுகின முட்டையும் பெயிண்டும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். "இது உசிரு உள்ளதுண்ணே" என்றார். நிஜமாகவே அப்படித்தான். டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரில் நுண்ணுயிர்கள் வளரும்; மேலே இருக்கும் டீசல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அவை கழிக்கும் அமிலம் டேங்கையும் குழாயையும் அரிக்கும், படலம் பிய்ந்து ஃபில்டரை அடைக்கும். ஓடுகிற வண்டியில் டீசல் வாராவாரம் மாறிக்கொண்டே இருப்பதால் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. பாதி டேங்க் டீசலோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் மீதிப் பாதி காற்று. பகல் வெயிலில் விரிந்து இரவில் குளிரும் அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் டேங்கின் உட்சுவரில் வேர்த்து அடியில் இறங்குகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம்.

பிறகு இன்ஜெக்டர். இந்த மாதிரி காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஒரு குழாயில் பெரும் அழுத்தத்தில் காத்திருக்கும்; வேகமாக ஓடும்போது அது ஆயிரம் பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். இன்ஜெக்டர் அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும். உள்ளே இருக்கும் வால்வின் இடைவெளி சில மைக்ரான்தான். அங்கே தண்ணீர் போனால் டீசலின் வழவழப்பு போய்த் துரு பிடிக்கும், இருக்கை தேயும். தேய்ந்த இன்ஜெக்டர் பீய்ச்ச வேண்டிய டீசலை ரிட்டர்ன் லைன் வழியாகத் திருப்பி விட்டுவிடும். சாவி திருகும்போது குழாயில் குறைந்தபட்ச அழுத்தம் ஏறவில்லை என்றால் எஞ்சின் பிடிக்காது. எது ஒழுகுகிறது என்று பார்க்க அவர் கம்ப்யூட்டரைத் தேடவில்லை. ஒரே அளவில் நாலு மருந்து பாட்டில்களை எடுத்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலிருந்தும் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபை அதில் விட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டார். நாங்கள் இருவரும் பானெட்டுக்கு மேல் குனிந்து நின்றோம். மூன்று பாட்டில்களில் அடிமட்டம் நனைந்திருந்தபோது மூன்றாவது சிலிண்டருடைய பாட்டில் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இது ஒண்ணுதான்" என்றார். அவ்வளவுதான், கண்ணுக்கு நேரே தெரிந்தது. பம்ப்பில் கோளாறே இல்லை.

டேங்கை இறக்கிக் கழுவினார்கள். அந்த ஒரு இன்ஜெக்டரையும் கூடவே மற்ற மூன்றையும் மதுரையில் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு நானே எடுத்துப் போனேன். டெஸ்ட் பெஞ்சில் போட்டு, மூன்றைச் சுத்தம் செய்து, ஒன்றுக்கு வால்வு செட் மாற்றித் தந்தார்கள். மாட்டும்போது இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கம் போகாது. அதையும் செய்தார். மொத்தச் செலவு அந்த எஸ்டிமேட்டில் கால்வாசிகூட இல்லை. சாவியைத் திருகினால் அரைச் சுற்றில் பிடித்தது. பக்கத்தில் நின்ற மூன்று லட்சம் ஓடிய டாக்சியைக் காட்டி, "அண்ணே, அவன் வண்டியில நான் இதையெல்லாம் கழட்டினதே இல்ல" என்றார் மெக்கானிக்.

நின்றால் என்ன ஆகும்

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். டீசல் மட்டுமில்லை, வண்டியில் பாதிப் பொருள்களுக்கு வயது கிலோமீட்டரில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து தானாகவே தீர்ந்துபோகும். எஞ்சின் ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று இரண்டு மூன்று வருஷம் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் குட்டிக் குட்டி ஓட்டம் ஓடினால் ஆயிலில் ஈரமும் கரியும் சேர்ந்து அது சீக்கிரமே கெடும், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம். ஏசி கம்ப்ரசரின் சீல் ஆயிலில் நனைந்திருந்தால்தான் கேஸைப் பிடிக்கும். போடாமல் வைத்தால் காய்ந்து ஒழுகும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருப்பார்கள்: 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்தத் தேதியிலிருந்து ரப்பர் இறுகிக்கொண்டே போகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு இன்னும் வேகமாக.

பேட்டரிக்கும் அதேதான். சும்மா நிற்கும் வண்டியிலும் கடிகாரம், அலாரம், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காரைக்குடிக்காரர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே இத்தனை வருஷமாக ஆராய்கிறவற்றில் பேட்டரியும் துருவும் முக்கியமானவை.

எங்கள் பக்கத்துக்கென்று சில தனிக் கஷ்டங்கள் உண்டு. செம்மண் புழுதி மாவு மாதிரி நைசாக இருக்கும். கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் பெல்ட்டிலும் ரேடியேட்டரிலும் படிந்து, மழை ஈரத்தில் பூச்சு மாதிரி இறுகிவிடும். எலிக்கு ஏர் ஃபில்டர் பெட்டியைவிடத் தோதான இடம் கிடையாது: இருட்டு, பஞ்சு, யாரும் வருவதில்லை. ஒரு தடவை திறந்தபோது வேப்பங்கொட்டையும் கிழிந்த துணியுமாக ஒரு குடும்பமே குடியிருந்தது. பானெட்டைத் திறந்தே வைத்து வெளிச்சம் விழும்படி செய்தபின் வரத்து நின்றது. பூட்டி வைத்த வீடு என்ன ஆகும் என்று செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆள் புழங்கும் வீட்டில் ஒரு ஓடு நழுவினால் அன்றைக்கே தெரியும். பூட்டிய வீட்டில் கரையான் உத்தரத்தைத் தின்று முடித்தபின்தான் தெரியும். வண்டியும் அப்படியே. ஓடிக்கொண்டிருந்தால் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "தினம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்து" என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள இருப்பவரும் அக்கறையோடு அதைத்தான் செய்துவந்தார். டீசல் எஞ்சினுக்கு அது நல்லதில்லை என்பதே என் முடிவு. ஐந்து நிமிஷ ஐடிலில் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. ஸ்டார்ட்டர் குடித்த மின்சாரம் பேட்டரிக்கு முழுசாகத் திரும்புவதும் சந்தேகம். எரிந்து வரும் நீராவி சைலன்சரிலேயே தங்கித் துருவேற்றும். அரைகுறைச் சூட்டில் எரிந்த டீசலின் கரி, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்விலும் உள்வாங்கும் குழாயிலும் படியும். ஓட்டினால் அரைமணி நேரமாவது, ரோட்டில், நாலாவது ஐந்தாவது கியரில் ஓட்ட வேண்டும். முடியாது என்றால் தொடாமல் விடுவது நல்லது: டேங்கை நிரப்பி, பேட்டரி மைனஸ் முனையைக் கழற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து விட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

நாங்கள் முதல் வழியைத்தான் எடுத்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் ஓர் ஆக்டிங் டிரைவர் வருகிறார். பள்ளத்தூரில் கிளம்பி, கோட்டையூர், காரைக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி. போக வர ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். நல்ல ரோடு, வண்டி முழுச் சூட்டுக்கு வந்துவிடும். கிளம்புமுன் ஆயில் குச்சி, கூலன்ட் மட்டம், டயர் காற்று பார்ப்பது அவர் வேலை. முன் சீட்டில் அப்பச்சி, பின்னால் ஆத்தா. டிரைவர் சம்பளம், டீசல் எல்லாம் மூன்று புள்ளிக்கும் பொது. அண்ணன் முதலில் "வண்டியை ஓட்டுறதுக்குன்னு காசு குடுத்து ஆள் வைக்கிறதா?" என்று கேட்டார். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு பேட்டரியின் விலையையும் இன்ஜெக்டர் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு அப்பச்சி முகப்பைத் தாண்டி வெளியே வருவதையே குறைத்துக்கொண்டிருந்தார். "எங்களுக்காக எதுக்கு வண்டி எடுக்கணும்" என்பார். வண்டிக்காக எடுக்க வேண்டும் என்று ஆனதும் அந்தத் தயக்கம் போய்விட்டது. சனிக்கிழமை இரவே டிரைவருக்குப் போன் பண்ணுகிறாராம். சில வாரம் பிள்ளையார்பட்டி, சில வாரம் குன்றக்குடி, ஒருமுறை இரணியூர் வரை போய் வந்தார்கள். நோட்டில் இப்போது மறுபடியும் அவர் கையெழுத்து வருகிறது, கொஞ்சம் நடுங்கலாக. மீட்டர் எண்ணை டிரைவர் சொல்ல அவர் எழுதுகிறார். போன மாதம் "நாலாவது கியரில் லேசாக முனகல், பேரிங் பார்க்கவும்" என்று ஒரு வரி இருந்தது. பார்த்தோம். முன் சக்கர பேரிங் தேய்ந்துதான் இருந்தது.

பதிவைப் புதுப்பிக்கும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். அதோடு தமிழ்நாட்டின் பசுமை வரி. புகைச் சோதனையில் பிஎஸ்-3 டீசலுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுதான் (புகையின் கறுப்பை அளக்கும் அலகு) மேல் எல்லை. இன்ஜெக்டர் வேலை முடிந்திருந்ததால் எங்கள் வண்டி அதில் பாதிக்கும் கீழேதான் காட்டியது. இடையில் பத்து வருஷம் ஆன டீசலை ஓட்டக்கூடாது என்று அண்ணி ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். அது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பள்ளத்தூருக்கு அது பொருந்தாது.

பொருந்தாது என்பதால் புகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தமில்லை. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. பழைய டீசல் வண்டியை வைத்துக்கொள்கிறவருக்கு அந்தப் பொறுப்பு கூடுதலாகவே உண்டு. பட்டறைகளில் ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம், பிக்கப் நன்றாக இருக்கும் என்பார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்த வால்வு இருப்பதே நைட்ரஜன் ஆக்சைடு குறைவதற்காக. அதை அடைத்தால் என் எஞ்சின் சுத்தமாக இருக்கும், ரோட்டோரம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதைச் சுவாசிக்கும். கழற்றிக் கரியைச் சுரண்டி மறுபடி மாட்டச் சொன்னேன். அரைநாள் வேலை, அவ்வளவுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு ஊர் வீட்டுக்கென்று ஒரு டீசல் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். பிஎஸ்-6 டீசலில் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானாக எரித்துக்கொள்ள நீண்ட ஓட்டமும் நல்ல சூடும் வேண்டும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய் வந்து மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், விலையும் அதிகம். மாதம் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டமில்லாத வீட்டுக்கு பெட்ரோல் வண்டிதான் சரி. ஏற்கெனவே கொட்டகையில் ஒரு டீசல் நிற்கிறது என்றால் அதை விற்பதற்கு முன்னால் ஃபில்டருக்கு அடியில் ஒரு தம்ளரைப் பிடித்துப் பாருங்கள்.

எங்கள் வண்டிக்கு இனி 2030-ல்தான் புதுப்பிப்பு. அதற்குள் செய்ய வேண்டியவற்றை மெக்கானிக் சொல்லி அப்பச்சி எழுதி வைத்திருக்கிறார்: லோயர் ஆர்ம் புஷ் இரண்டு பக்கமும், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், நாலு டயர். டயர் முதலில் வேண்டும் என்பது டிரைவரின் கருத்து. பழையவற்றின் தேதியைப் படிக்கச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டு, சித்திரைக்குள் மாற்றிவிடலாம் என்று அப்பச்சி சொல்லியிருக்கிறார். இந்த முறை புள்ளிக்கு எவ்வளவு என்று அவரே கணக்குப் போட்டு மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டார்.